வைப்பின் குடிவழி ஆய்வு

கொச்சியை அடுத்த வைப்பின் தீவில் வேர்கொண்ட குடும்பங்களின் மூதாதையரை ஆவணங்கள், வாய்மொழிச் செய்திகள் வழியே தேடும் பொழுதுபோக்கு முயற்சி. தீவின் தோற்றத்தை 1341 பெரியாற்று வெள்ளத்தோடு இணைப்பது மரபு. கிறித்தவக் குடும்பங்களுக்கு முதன்மைச் சான்று ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய தேவாலயப் பதிவேடுகள். டச்சு ஆட்சிக்காலக் (1663–1795) கொச்சி ஆவணங்கள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழைய டச்சுக் கையெழுத்தே பெருந்தடை. போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர் ஐரோப்பிய வம்சாவளிக்குச் சான்றாகாது; அது ஞானஸ்நானத்தில் பெற்றதாகவும் இருக்கலாம். ஆரம்பநிலை ஆய்வாளர் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகின்றனர். தாய்வழி மரபுரிமை முறையான மருமக்கத்தாயத்தைப் பின்பற்றிய குடும்பங்களில் தறவாட்டுப் (தாய்வழிக் கூட்டுக்குடும்பப்) பெயரைப் பிடித்துத் தாய்வழியே செல்ல வேண்டும். கேரளத்தில் இத்தகைய கூட்டுக்குடும்ப முறையை 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.