அமெரிக்க கால்பந்தில் சிறந்த 'ரன்னிங் பேக்' யார்? யார்டு கணக்கு சொல்லாத தகுதிகள்

அமெரிக்க கால்பந்தில், பந்தைக் கையில் ஏந்தி எதிரணியினரின் நடுவே ஓடுவதை முதன்மைப் பணியாகக் கொண்ட வீரர் 'ரன்னிங் பேக்' எனப்படுகிறார். 100 யார்டு நீளமுள்ள ஆடுகளத்தில், நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறினால்தான் ஓர் அணி பந்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். எனவே ஓர் ஓட்டத்தில் கிடைக்கும் நான்கு யார்டு, பார்வையாளருக்கு அற்பமாகத் தோன்றினாலும் பயிற்சியாளருக்கு நல்ல வரவே.

இந்த வீரருக்கு வேகமே முதல் தகுதி என்று கருதுவது இயல்பு. ஆனால், நேர்கோட்டில் மின்னலென ஓடக்கூடிய பலர் இந்த இடத்தில் சோபித்ததில்லை. குவாட்டர்பேக்கிடமிருந்து பந்து கைக்கு வரும்போது, முன்வரிசையில் உள்ள ஐந்து பருத்த வீரர்கள் எதிரணித் தடுப்பாளர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடையே ஓர் இடைவெளி திறக்கும்; கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். அது எங்கே திறக்கும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதுவரை பொறுத்திருந்து, திறந்ததும் தயக்கமின்றிப் பாய்வதே இந்தக் கலையின் உயிர்நாடி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக ஆடிய லேவியான் பெல், முன்வரிசைக்குப் பின்னால் ஏறக்குறைய நின்றுவிட்டுப் பின்னர் புறப்படும் பாணிக்காகவே பெயர்பெற்றவர்.

யார் பெரியவர் என்ற விவாதம் பெரும்பாலும் எம்மிட் ஸ்மித், பேரி சாண்டர்ஸ் ஆகிய இருவரிடமே வந்து நிற்கும். தேசிய கால்பந்து லீக்கில் (என்எஃப்எல்) 15 பருவங்கள் ஆடிய ஸ்மித், 18,355 யார்டுகள் ஓடி வைத்த சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் சாண்டர்ஸ் 10 பருவங்களில் 15,269 யார்டுகள் எடுத்தார். டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் வலிமைமிக்க முன்வரிசை ஸ்மித்துக்கு வழியமைத்துத் தந்தது என்பதும், சாண்டர்ஸ் தமக்கான வழியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்பதும் ரசிகர்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் வாதம்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. 1993-ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில், ஊதியப் பிரச்னையால் ஸ்மித் ஆடாதிருந்த முதல் இரு போட்டிகளிலும் அதே முன்வரிசையுடன் களமிறங்கிய டல்லஸ் தோற்றது. அவர் திரும்பிய பின் அந்த அணி சாம்பியன் பட்டமே வென்றது. அப்பருவத்தின் கடைசி லீக் போட்டியில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராகத் தோள்மூட்டு விலகிய நிலையிலும் அவர் 32 முறை ஓடி 168 யார்டுகள் சேர்த்தார். மறுபுறம், எவருக்கும் பிடிகொடாமல் திசைமாறும் சாண்டர்ஸின் ஆட்டத்தில் இழப்புகளும் அதிகம். 1994-ஆம் ஆண்டுப் பருவத்தின் பிளே-ஆஃப் போட்டியில் கிரீன் பே அணி அவரை 13 ஓட்டங்களில் 'மைனஸ்' ஒரு யார்டில் நிறுத்தியது. ஆனாலும் 1997-இல் அவர் எடுத்த 2,053 யார்டுகளுக்கு ஈடாக ஒரு சிலரே எதையும் காட்ட முடியும். அப்பருவத்தின் முதல் இரு போட்டிகளில் தடுமாறிய அவர், எஞ்சிய 14 போட்டிகளிலும் நூறு யார்டுகளைக் கடந்தார்.

புள்ளிவிவரப் பட்டியலில் இடம்பெறாத பணியும் ஒன்று உண்டு. குவாட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்ந்துவரும் தடுப்பாளரைக் குறுக்கே நின்று மறிப்பதும் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. இதில் தவறினால், எத்தனை திறமையான இளம் வீரரும் முக்கியத் தருணங்களில் வெளியே அமர்த்தப்படுவார். பந்தைக் கைநழுவவிடுபவரின் நிலையும் அதுதான்.

ஒவ்வொரு ஓட்டமும் ஏறக்குறைய ஒரு மோதலிலேயே முடிவதால், தாங்கும் திறனையும் தகுதியாகவே கொள்ள வேண்டியுள்ளது. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடித் தப்புவதை விரும்பாத சிகாகோ பேர்ஸ் வீரர் வால்டர் பேட்டன், 13 பருவங்களில் ஒரே ஒரு போட்டியைத்தான் தவறவிட்டார். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜிம் பிரவுன், 1957 முதல் 1965 வரை ஒரு போட்டியையும் தவறவிடாமல் 118 போட்டிகளில் ஆடி, ஒன்பது பருவங்களில் எட்டில் லீக்கிலேயே அதிக யார்டுகள் எடுத்தார். இருவரும் விதிவிலக்குகள். 1998-இல் 2,008 யார்டுகள் ஓடிய டென்வர் வீரர் டெரல் டேவிஸ், அடுத்த ஆண்டே முழங்கால் காயத்துக்கு உள்ளாகி, மொத்தம் 78 லீக் போட்டிகளோடு ஓய்வுபெற்றார். கேல் சேயர்ஸ் ஆடியது 68 போட்டிகள் மட்டுமே. இவ்விருவருக்கும் புகழரங்கில் இடமளிக்கப்பட்டது. ஆட்டத்தின் நீளத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாத நியாயமான முடிவு அது.

ஊதியப் பேச்சுகளில் அணி நிர்வாகங்கள் சுட்டிக்காட்டுவதும் இந்தக் குறுகிய ஆயுளையே. ஒப்பந்தம் முடிந்த வீரரை, நிர்ணயிக்கப்பட்ட ஊதியத்தில் மேலும் ஓராண்டு நிறுத்திவைக்க லீக் விதிகள் அணிகளுக்கு உரிமையளிக்கின்றன. உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளை இவ்வாறு ஒவ்வொன்றாகச் செலவிட மறுத்த பெல், 2018-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடவில்லை.

அதே ஆண்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் அறிமுகமான சாக்வான் பார்க்லி, 2020-இல் முழங்கால் தசைநார் கிழிந்து மீண்டவர். 2023-இல் நீண்டகால ஒப்பந்தம் கைகூடாமல் ஓராண்டு ஊதியத்துக்கே ஆடிய அவர், 2024-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு மாறி 2,005 யார்டுகள் எடுத்தார். 1984-இல் எரிக் டிக்கர்சன் படைத்த 2,105 யார்டு சாதனையை முறியடிக்க 101 யார்டுகளே தேவைப்பட்ட நிலையில், கடைசி லீக் போட்டியில் அவருக்கு ஓய்வளிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி, தமது 28-ஆவது பிறந்தநாளில், அவர் சூப்பர் பௌல் கோப்பையை ஏந்தினார். அவரைத் தடுப்பதில் கன்சாஸ் சிட்டி அணி பெருங்கவனம் செலுத்திய அந்தப் போட்டியில் அவர் எடுத்தவை 57 யார்டுகள். பிலடெல்பியா 40-22 என வென்றது.