மாவுச்சத்தைக் குறைத்து உடற்பயிற்சி தொடங்குவோர் கவனத்திற்கு: தட்டில் எவ்வளவு, நடை எப்போது, மாத்திரை என்ன ஆகும்?

புதுதில்லி: திங்கட்கிழமை காலையில் சோற்றை நிறுத்தி, அன்று மாலையே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வது பலருக்கும் உறுதியான தொடக்கமாகத் தோன்றுகிறது. நோயற்ற இளைஞர் ஒருவருக்கு இதனால் ஓரிரு வாரச் சோர்வைத் தவிரப் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஆனால், நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்ளும் ஐம்பது வயதுக்காரருக்கு அதே தொடக்கம் சில மணி நேரத்தில் மயக்கத்தில் முடியக்கூடும்.

இந்த வேறுபாடு இந்தியாவில் மிகவும் முக்கியமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்தி, 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் உள்ளது. மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் உள்ளனர். குறைந்த மாவுச்சத்து உணவுமுறையைத் தேடி வருவோரில் கணிசமானோர் இவ்விரு பிரிவினராகவே இருப்பர் எனக் கொள்வதில் தவறில்லை.

தட்டில் 62 விழுக்காடு

அதே ஆய்வுத் தொடரின் உணவு குறித்த முடிவுகள் 2025-ஆம் ஆண்டு 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியாயின. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து கிடைப்பதாக அவை தெரிவிக்கின்றன. புரதத்தின் பங்கு சுமார் 12 விழுக்காடு மட்டுமே. தெற்கிலும் கிழக்கிலும் தீட்டப்பட்ட அரிசி, வடக்கிலும் மத்தியப் பகுதியிலும் கோதுமை மாவு என வடிவம் மாறினாலும், தட்டின் பெரும்பகுதியைத் தானியமே நிரப்புகிறது.

அந்த ஆய்வில் பலரும் எதிர்பாராத ஒரு முடிவும் உண்டு. மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாறாக, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 5 விழுக்காட்டைப் பருப்பு வகை அல்லது பால் சார்ந்த புரதத்தால் ஈடு செய்தபோது அபாயம் குறைவாகக் காணப்பட்டது. கேழ்வரகு, தினை ஆகியவற்றில் நார்ச்சத்தும் தாது உப்புகளும் மிகுதி என்பது உண்மையே. எனினும், 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல் உள்ளது. இரண்டு இட்லிக்குப் பதில் நான்கு கேழ்வரகு இட்லி உண்பவர், உண்மையில் எதையும் குறைத்துவிடவில்லை.

எவ்வளவு குறைந்தால் 'குறைவு'?

இச்சொல்லுக்கு ஒரே வரையறை இல்லை. மருத்துவ நூல்களில், ஆற்றலில் 26 விழுக்காட்டுக்கும் குறைவாகவோ, நாளொன்றுக்கு 130 கிராமுக்கும் குறைவாகவோ மாவுச்சத்து உள்ள உணவே பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவு எனப்படுகிறது. 20 முதல் 50 கிராம் வரை மட்டுமே அனுமதிக்கும் கடுமையான வடிவமே 'கீட்டோ'. இது எடை குறைப்புக்காகத் தோன்றியதன்று. 1920-களில் வலிப்பு நோய்க்கான மருத்துவ உணவாக அமெரிக்காவில் உருவானது. இன்றும் மருந்துக்குக் கட்டுப்படாத குழந்தைகளின் வலிப்புக்கு மருத்துவக் கண்காணிப்பில் வழங்கப்படுகிறது.

2,000 கலோரி உணவில் 62 விழுக்காடு என்பது 310 கிராம் மாவுச்சத்து ஆகும். அங்கிருந்து ஒரே நாளில் 50 கிராமுக்கு இறங்குவது எளிதன்று. இந்தியச் சமையலறையில் நீடிக்கக்கூடியதும் அன்று. 2022-ஆம் ஆண்டு 'டயாபடீஸ் கேர்' இதழில் வெளியான, 18,090 பேரின் உணவுத் தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட கணக்கீடு, மிதமான வழி ஒன்றைக் காட்டியது. நீரிழிவு தணிவதற்கு மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 19 முதல் 20 விழுக்காடு, கொழுப்பு 21 முதல் 26 விழுக்காடு என்பது அதன் பரிந்துரை. ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும், தானியங்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன.

310 கிராமிலிருந்து 250 கிராமுக்கு வருவது என்றால், நாளொன்றுக்கு 60 கிராம் குறைய வேண்டும். இது ஏறத்தாழ 200 கிராம் சோறு, அல்லது மூன்று நடுத்தரச் சப்பாத்திகள். கேட்பதற்குச் சிறிய மாற்றமாகத் தோன்றலாம். தொடங்குவோருக்கு இதுவே போதுமான முதற்படி. தேநீரிலும் காபியிலும் சேரும் சர்க்கரையை விட்டால், கரண்டிக்கு 5 கிராம் வீதம் இலக்கின் ஒரு பகுதி சோற்றைத் தொடாமலேயே நிறைவேறிவிடும்.

சோறு குறைந்த இடத்தில் என்ன?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். சோற்றைக் குறைத்தவர் எதையும் சேர்க்காவிட்டால் பசி மிகும். நான்காம் நாள் மாலையில் பிஸ்கட் பொட்டலம் திறக்கப்படும். புரதத்தை 12 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்துவது என்பது, 2,000 கலோரி உணவில் 60 கிராமிலிருந்து 100 கிராமாக உயர்த்துவதாகும். கூடுதலாகத் தேவைப்படும் 40 கிராமை 100 கிராம் பனீர், இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு கிண்ணம் தயிர் ஆகியவை சேர்ந்து தந்துவிடும். ஆனால், இவற்றோடு கொழுப்பும் 600 கலோரிக்கு மேலும் வந்து சேரும். ஆகவே கொழுப்பு நீக்கிய பாலில் செய்த பனீர், மீன், தோல் நீக்கிய கோழி, சோயா உருண்டை போன்றவற்றைத் தேர்வதும், வறுவலுக்கு ஊற்றும் எண்ணெயைக் குறைப்பதும் தேவையாகின்றன. 30 கிராம் சோயா உருண்டையில் சுமார் 15 கிராம் புரதம், ஏறத்தாழ 100 கலோரியிலேயே கிடைக்கிறது.

சைவ உணவினருக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பருப்பு புரத உணவுதான். எனினும், 30 கிராம் பருப்பில் புரதம் 7 கிராம் என்றால் மாவுச்சத்து அதைப் போல் இரு மடங்குக்கு மேல். எனவே கடுமையான கீட்டோ உணவில் பருப்புக்கு இடமே இருப்பதில்லை. பருப்பை விலக்கி நெய்யையும் வெண்ணெயையும் நிரப்புவதைவிட, பருப்பை வைத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பதே இந்தியத் தட்டுக்குப் பொருந்தும். தட்டில் பாதி காய்கறி இருப்பது நார்ச்சத்துக் குறைவால் வரும் மலச்சிக்கலையும் தடுக்கும். காய்கறி என்ற பெயரில் உருளைக்கிழங்கு அங்கே அமர்ந்துவிடக் கூடாது.

வட மாநிலங்களில் நவராத்திரி நோன்பின்போது தானியம் விலக்கப்படுகிறது. ஆனால் அதற்கு மாற்றாக உண்ணப்படும் ஜவ்வரிசிக் கிச்சடியும் உருளைக்கிழங்கும் மாவுச்சத்து நிறைந்தவை. தானியம் இல்லை என்பதும் மாவுச்சத்து இல்லை என்பதும் ஒன்றல்ல.

முதல் இரு வாரங்கள்

கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் 'கிளைகோஜன்' என்ற வடிவில் சர்க்கரை சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்ததும் இந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை இயந்திரம் காட்டும் ஒன்று, இரண்டு கிலோ இழப்பில் பெரும்பகுதி இந்த நீரே. மகிழ்ச்சி தரும் எண்தான். கொழுப்புக் குறைவு அதன் பின்னரே மெல்லத் தொடங்குகிறது.

இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. தலைவலி, களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நிற்கையில் தலைசுற்றல் ஆகியவற்றுக்கு இதுவே முக்கியக் காரணம். கடுமையான உடற்பயிற்சியை இந்த நாள்களில் தொடங்கினால் வியர்வை வழியாக மேலும் உப்பு இழக்கப்படும். கோடைக் காலத்தில் இது இன்னும் மோசமாகும். ஆகவே முதல் இரு வாரங்கள் மிதமான நடையோடு நின்று, நீர் மோர், காய்கறி வடிசாறு போன்றவற்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைத் தாமாகக் கூட்டாமல் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

நடை எப்போது?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியும், இரு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அலுவலகம் செல்வோருக்கு இது எட்டாத இலக்காகத் தெரியலாம். ஆனால் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடங்கள் நடந்தாலே வாரத்தில் 210 நிமிடங்கள் சேரும். இயங்கும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் நேரத்தில் நடப்பதன் பயன் இதில்தான் அடங்கியுள்ளது.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. அதைத் தடுப்பது தசைப் பயிற்சியும் போதிய புரதமும். இதற்குக் கட்டணக் கூடம் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து கைப்பிடி இன்றி எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், படியேறுதல், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். விழித்திரை நோய் முற்றியவர்கள் மூச்சைப் பிடித்துப் பளு தூக்கக் கூடாது. பாதங்களில் உணர்வு குன்றியவர்கள் நல்ல காலணி இன்றி நடக்கக் கூடாது.

விரைவு ஓட்டம், போட்டி விளையாட்டு ஆகியவற்றில் ஈடுபடுவோரின் நிலை வேறு. மிதமான நடைக்குக் கொழுப்பு எரிபொருளாகும். உச்ச வேகத்துக்குக் கிளைகோஜன் வேண்டும். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தில் லூயிஸ் பர்க் குழுவினர் முன்னணி நடைப் போட்டி வீரர்களிடம் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்களின் உடல் கொழுப்பை எரிப்பதில் தேர்ச்சி பெற்றது. ஆயினும் அதே வேகத்துக்கு அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. போட்டித் திறனும் மேம்படவில்லை.

மாத்திரை உட்கொள்வோர்

இன்சுலின் ஊசியும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் வழக்கமான உணவின் அளவை எண்ணியே பரிந்துரைக்கப்பட்டவை. உணவில் மாவுச்சத்து குறைகிறது. உடற்பயிற்சி சர்க்கரையை மேலும் இறக்குகிறது. மருந்து மட்டும் பழைய அளவிலேயே வேலை செய்கிறது. விளைவு, தாழ்சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆனால், ஒரே மாத்திரையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் கலந்திருப்பது இந்தியாவில் மிகச் சாதாரணம் என்பதால், அட்டையின் பின்புறத்தில் உள்ள பெயர்களைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி, குழப்பமான பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். இரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை உட்கொள்வோரிடம் நடுக்கமும் படபடப்பும் மறைந்து, வியர்வை மட்டுமே தெரியலாம். ஒரு டெசிலிட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகி, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளவிட வேண்டும். அந்த நேரத்தில் மாவுச்சத்து விரதத்தைக் காரணம் காட்டித் தயங்கக் கூடாது. நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் கொடுக்கக் கூடாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பயிற்சி முடிந்த பின்னும் தசைகள் தம் சேமிப்பை நிரப்பிக்கொண்டே இருப்பதால், மாலைப் பயிற்சியின் விளைவு நள்ளிரவில் தலைகாட்டக்கூடும்.

அதிகம் பேசப்படாத மற்றொரு ஆபத்து, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகளோடு தொடர்புடையது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இவை, காப்புரிமை முடிந்தபின் விலை குறைந்து பரவலாகக் கிடைக்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தருபவையே. ஆனால் இவற்றை உட்கொண்டபடி கீட்டோ உணவையோ நெடிய பட்டினியையோ மேற்கொண்டால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குப் பெருகக்கூடும். கருவியில் சர்க்கரை அளவு ஏறத்தாழ இயல்பாகவே காட்டும் என்பதால் நோயாளியும் குடும்பத்தாரும் ஏமாந்துவிடுகின்றனர். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கலாகாது.

எனவே மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைச் சந்திக்க வேண்டியது உணவை மாற்றிய பின் அன்று, மாற்றுவதற்கு முன். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் அதே அளவு ஆபத்தானது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்கள், உணவுக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் இம்முறையைத் தாமாகத் தொடங்கலாகாது.

மிதமான மாற்றத்துக்குப் பலன் உண்டா?

சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடையளிக்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் மேற்கொண்ட குழுவில் நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் பெற்ற குழுவில் அது 26.4 விழுக்காடு. அவர்கள் சோற்றைக் கைவிடவில்லை; சர்க்கரையையும் தீட்டப்பட்ட தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து, நாளொன்றுக்கு அரை மணி நேரமேனும் நடந்தனர்.

தொடங்கும் முன் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றின் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்திருப்பது பின்னர் ஒப்பிட உதவும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள் என்பதால், சராசரிச் சர்க்கரையைக் காட்டும் 'எச்.பி.ஏ1சி' பரிசோதனையை மூன்று மாதங்களுக்குப் பின் செய்வதே பொருளுடையது. அப்போதே கெட்ட கொழுப்பின் அளவையும் பார்க்க வேண்டும். சோற்றின் இடத்தை நெய்யும் தேங்காய் எண்ணெயும் பிடித்திருந்தால், சர்க்கரை குறைந்த அதே தாளில் அந்த எண் ஏறியிருக்கக்கூடும். அதுவரை வீட்டிலேயே பார்க்க ஒரு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும்.