ஊட்டிக் கூரையில் திப்புவின் அரண்மனை

ஊட்டியை உருவாக்கிய ஜான் சலிவன் மலையேறிய கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். சலிவன் ஒரு வாரம் காத்திருக்கட்டும். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் கூரை என்னை விடமாட்டேன் என்கிறது.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். அந்தப் பெரிய தேக்கு உத்திரங்கள் ஒரு காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைத் தாங்கியவை. 1799 மே 4 அன்று திப்பு வாளோடு வீழ்ந்தார். முப்பது ஆண்டுக்குப் பிறகு அவருடைய தேக்கு மரம் 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டது.

இன்று இல்லாத அந்த லால்பாக் மாளிகையின் அழகை ஊகிக்க, அதே ஸ்ரீரங்கப்பட்டணத் தீவில் தப்பிப் பிழைத்த தரியா தௌலத் பாகுக்குத்தான் போக வேண்டும். 1784-இல் காவிரிக் கரையில் எழுந்த கோடை மாளிகை அது. சுற்றிலும் தோட்டம், தேக்குத் தூண்கள், பூவேலை வளைவுகள். மேற்குச் சுவர் ஓவியத்தில் 1780 செப்டம்பர் 10-இன் போர்! காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நடந்தது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் சீறுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறுகின்றன. காயம்பட்ட பெய்லி பல்லக்கில் ஒடுங்கிக் கிடக்கிறார். பக்கத்தில் பெரும்படையோடு இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் வந்து காப்பாற்றவில்லை. கனரக பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். பக்சாரில் வென்ற தளபதி அவர். கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார்.

அந்த அவமானத்தைக் கம்பெனி மறக்கவில்லை. திப்பு வீழ்ந்த பிறகு லால்பாக் மாளிகை பிரிக்கப்பட்டு, அதன் தேக்கு ஊட்டித் தேவாலயத்துக்குப் போனது. சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் 1829-இல் ஊட்டியில் அந்தத் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கேப்டன் அண்டர்வுட் கட்டினார். 1831 ஈஸ்டரில் கோயில் திறந்தது. கவர்னர் பெயரும் ஸ்டீபன், கோயிலின் பெயரும் ஸ்டீபன். தற்செயல் என்று நான் நம்பவில்லை. சலிவன் உருவாக்கிய ஊரில் தன் பெயரை நிறுத்தப் பார்த்த மனிதர் அவர்.

1492-இல் கிரானடாவைப் பிடித்த ஸ்பானிய அரசர்கள்கூட மூர்களின் அல்ஹாம்பிரா அரண்மனையைப் பிரித்துப் போடவில்லை. அரண்மனையும் நீரோடும் தோட்டங்களும் இன்றும் நிற்கின்றன. திப்புவின் லால்பாக் மாளிகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கோடை விடுமுறைக்கு ஊட்டி போகிறவர்கள் பூங்காவோடும் படகோடும் திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளைச் செயின்ட் ஸ்டீபனுக்கும் கூட்டிப்போய், அந்த உத்திரங்கள் யாருடையவை என்று சொல்லிக்கொடுங்கள்.

(தொடரும்)