ரணதுங்கவின் விரலும் முரளியின் மணிக்கட்டும்

எங்கட ஊர்ல ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி சண்டையில்லாம முடிஞ்சா அது அதிசயம். நோபோல் குடுத்த நடுவரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். யாராவது ஒரு பெரியவர் வந்து, "விளையாட்ட விளையாட்டாப் பாருங்கடா" என்பார். நல்ல புத்திமதிதான். ஆனால் இலங்கைக் கிரிக்கெட்டின் மிகப் பெரிய கதையே, விளையாட்டை வெறும் விளையாட்டாகப் பார்க்காத ரெண்டு பேரின் கதை.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். 23 வயது முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் 7 தடவை நோபோல் என்று கை நீட்டினார். முரளி பந்தை எறிகிறாராம். தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்துவீச்சு முனையை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பக்கம் நின்ற நடுவருக்கு அதே கையில் எந்தப் பிழையும் தெரியவில்லை! பத்து நாளில் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சனும் நோபோல் என்றார். முரளி லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தார், அதுவும் நோபோல். முரளியின் முழங்கை பிறப்பிலேயே முழுசா நிமிராது. பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்கள் பரிசோதித்து, அவர் எறிவது போலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்றன.

இங்கேதான் விஷயம் ஆட்டத்தைத் தாண்டிப் போகிறது. ஜனவரியில் சிட்னியில் தோற்றபின், இலங்கை அணி அவுஸ்திரேலியர்களுக்குக் கைகொடுக்காமலே போனது. அதே மாதம் 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. உலகக் கிண்ணப் போட்டிக்கு இலங்கை வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அதனால் அந்த ரெண்டு அணியும் மறுபடி நேருக்கு நேர் நின்றது 1996 மார்ச் 17 அன்று, லாகூர் இறுதி ஆட்டத்தில்தான்.

அவுஸ்திரேலியா 241. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுக்க, இலங்கை 7 விக்கெட்டால் வென்றது. அன்று ஷேன் வோர்ன் 10 ஓவரில் 58 ஓட்டம் கொடுத்தார், விக்கெட் இல்லை. அதில் ரணதுங்க அடித்த சிக்ஸரும் உண்டு. வோர்ன் பெரிய ஆளில்லை என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சீண்டினவர் ரணதுங்க. அவரின் கோபம் கண்ணை மறைக்கிற கோபமில்லை, கணக்குப் போட்ட கோபம். முரளியோ யாரையும் சீண்டவில்லை. 10 ஓவரில் 31 ஓட்டம் மட்டும் கொடுத்து, ஒரு விக்கெட் எடுத்துவிட்டுப் போனார்.

1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மறுபடி முரளிக்கு நோபோல் கொடுத்தார். ரணதுங்க நடுவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி வாதாடி, அணியை எல்லைக்கோடு வரை கூட்டிப்போனார். ஆட்டம் கால் மணி நேரம் போல நின்றது. பிறகு இங்கிலாந்தின் 302ஐத் துரத்தி, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது.

அது சரியா? நான் இன்னும் யோசிக்கிறேன். ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக உலகத்தின் முன்னால் நின்றார். அந்த நேரம் இந்த நாட்டில் தமிழருக்காக யார் அப்படி நின்றது? எங்கட கரையில் தமிழரும் முஸ்லிம்களும்கூட ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்த காலம். ஆனால் முரளியை ரெண்டு பக்கமும் "எங்கட ஆள்" என்றுதான் சொன்னது என்று வாப்பா சொல்வார். அதுக்காக நாடு திருந்திவிட்டது என்று சொல்ல ஏலாது. ஒரு தலைவரின் கோபம் யுத்தத்தை நிறுத்தாது. அந்த விரலைப் பார்த்துப் பழகின பொடியன்மார்தான் இன்றைக்கும் எங்கட மைதானத்தில் நடுவரைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே முரளி பந்தை எறிகிறார் என்றார். அந்த வருஷ அவுஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை. அதே வருஷம் டிசம்பர் 26 கடல் வந்தது. இந்த நாட்டிலேயே அதிகமாக உயிர் போனது எங்கட அம்பாறை மாவட்டத்தில்தான். நான் அப்போது கைக்குழந்தை. ஊர் பள்ளிக்கூடங்களில் படுத்துக் கிடந்தது.

2005 ஜனவரி 10, சுனாமி நிதிக்காக ஓர் ஆட்டம். இடம், அதே மெல்பேர்ன் மைதானம். முரளி போனார். ஆசிய அணிக்கு அவர் பந்து வீச, எதிரணியில் வோர்ன். பிறகு வோர்ன் காலிக்கு வந்து, முரளியோடு சுனாமி பாதித்த இடங்களைப் பார்த்தார். வோர்ன் டெஸ்டில் 708 விக்கெட்டோடு நின்றார், முரளி 800இல் நின்றார். இப்போது ரெண்டு நாடும் ஆடும் டெஸ்ட் தொடரின் கிண்ணத்துக்கே ரெண்டு பேரின் பெயர்தான்.

ரணதுங்கவின் விரல் இல்லாமல் முரளி அந்த வருஷங்களைத் தாண்டியிருப்பாரா தெரியாது. ஆனால் அவமானப்பட்ட மைதானத்துக்கே எங்களுக்காகத் திரும்பிப் போனது முரளி. அடுத்த முறை நடுவரைச் சுற்றி நிற்கும்போது, மச்சான், ஒண்டை மட்டும் யோசிச்சுப் பாருங்க: ரணதுங்க விரல் நீட்டினது தனக்காக இல்லை. நாங்க யாருக்காக நீட்டுறோம்?