வடக்கன்குளம் முதல் வத்திக்கான் வரை

உரோமாபுரியில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஒருவர், முப்பது வயதைத் தாண்டியபின் மறுபடியும் மாணவராகித் தமிழ் வகுப்பில் போய் உட்காருவது அன்றும் வழக்கமில்லை, இன்றும் இல்லை. சேவியர் தனிநாயகம் அடிகள் (1913–1980) 1945இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்து, கொழும்பிலும் உரோமிலும் குருமாணவராகப் பயின்று, நெல்லைச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தவர். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்திருந்த அவருக்குச் சங்க இலக்கியம் அதுவரை அறிமுகமில்லை. தாம் துணைத் தலைமையாசிரியராக இருந்த அதே பள்ளியின் தமிழ்ப் பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். இதைப் பணிவு என்று புகழ்வோர் உண்டு. எனக்கோ பணிவைக் காட்டிலும் பசிதான் அதில் தெரிகிறது.

அந்தப் பசி சிதம்பரத்தோடு அடங்கவில்லை. சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி அவர் செய்த ஆய்வு ஆங்கிலத்தில் நூலாயிற்று. குறிஞ்சியையும் நெய்தலையும் கிரேக்க, உரோமானியக் கவிதைகளின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த நூல் அது. தமிழை மட்டும் படித்தவருக்கும், தமிழைப் படிக்காதவருக்கும் தோன்றியிராத ஒப்பீடு. படைப்பாற்றல் கவிஞருக்கு மட்டும் உரியதன்று. நல்ல கேள்வி கேட்கும் ஆசிரியருக்கும் அது உண்டு.

பயணங்களும் அவருக்குப் படிப்பின் தொடர்ச்சிதான். ஊர் சுற்றிப் பார்த்ததை 'ஒன்றே உலகம்' என்று சுவையாக எழுதினார் என்பது உண்மை. ஆனால் எந்த நகருக்குப் போனாலும் அவர் கால் நூலகத்தை நோக்கியே நடந்தது. 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' என்னும் சிறு மறைநூல் பற்றி எழுதினார். அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இருக்கும். வரிக்கு வரி போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பும் உண்டு. பாங்காக் அரண்மனைப் பிராமணரின் விழாவில் திருவெம்பாவை, திருப்பாவைப் பெயர்கள் வழங்குவதைத் தென்கிழக்காசியத் தமிழ்ச் செல்வாக்கைப் பற்றிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டெடுத்தது அந்தாம் தெ புரொவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சேறியது. தொகுத்தவர் 1666இலேயே இறந்துவிட்டார். தம் உழைப்பு நூலானதை அவர் பார்க்கவில்லை. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் தந்த அகராதி, பார்ப்பாரற்று முடங்கிக் கிடந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அரை நூற்றாண்டு முந்தியது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். அடிகள் அதைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதியதோடு கைகழுவிவிடவில்லை. 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து அப்படியே நிழற்படப் பதிப்பாகக் கொண்டுவந்தார்.

அதே 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அதற்கு வித்திட்ட உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 சனவரியில் டெல்லியில், கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்கு வந்த ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்து அவர் முன்னின்று உருவாக்கியது. பின்னாளில் மாநாடுகள் ஊர்வலமும் அலங்கார வண்டிகளுமாக மாறியது வேறு கதை.

1952இல் அவர் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' இதழ் ஆங்கிலத்தில் வந்ததைக் குறைசொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் குறையில் நியாயமில்லை. தமிழரிடம் தமிழின் பெருமையைச் சொல்ல ஆள் பஞ்சமில்லை. செக் நாட்டவரும் பிரெஞ்சுக்காரரும் தமிழைப் பற்றிப் படிக்கவும் விவாதிக்கவும் ஒரு களம்தான் இல்லாதிருந்தது. அந்த இதழின் பழைய தொகுதிகள் பல்கலைக்கழக நூலகங்களில் இன்றும் இருக்கின்றன. தமிழாசிரியர்கள், குறிப்பாக இப்போது பணியில் சேரும் இளைஞர்கள், ஒரு தொகுதியையாவது எடுத்துப் படிக்க வேண்டும்.