அசல் மெக்காய் யார்?

ஒருவரின் மெய்யான தரத்தைப் போற்ற வேண்டின் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்கிறோம். உரைகல்லில் தேய்த்துப் பொன்னின் மாற்றுக் கண்ட பொற்கொல்லரின் தொழிலிலிருந்து வந்த வழக்கு அது. அதன் பிறப்பிடம் குறித்து யாருக்கும் ஐயமில்லை. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இதே பொருளில் வழங்கும் 'தி ரியல் மெக்காய்' என்னும் தொடரோ அத்தகையதன்று. போலியன்று, அசலே என்று சான்று கூறும் அத்தொடருக்கு, அசல் பிறப்புச் சான்று எது என்பதே நூறாண்டு வழக்காகிவிட்டது.

பொருளையும் வழக்கையும் முதலில் தெளிந்து கொள்வோம். 'மெக்காய்' என்பது ஒரு குடிப்பெயர். 'மெய்யான மெக்காய்' என்பதே தொடரின் நேர்ப்பொருள். கலப்படமற்ற சரக்கு, பிறர் பார்த்துச் செய்யாத மூலப்பொருள், வேடமிடாத மனிதர் ஆகியவற்றைக் குறிக்க இதனைக் கையாளுவர். பொருளுக்கும் ஆளுக்கும் இது பொருந்தும். ஒரு செய்தி உண்மை என்று சொல்ல இதனைப் பயன்படுத்துவதில்லை. பேச்சிலும் விளம்பரத்திலும் விளையாட்டுப் பக்கத்திலும் உலவும் தொடர், கோப்பில் எழுதத்தக்கதன்று. அங்கே 'போனஃபைடு' என்னும் இலத்தீனே ஆட்சி செலுத்துகிறது!

இத்தொடருக்கு உரிமை கோரி நிற்போர் பலர். ஒருவர் 'கிட் மெக்காய்' என்னும் குத்துச்சண்டை வீரர். நார்மன் செல்பி என்பது அவருடைய இயற்பெயர். அசல் மெக்காயே கட்டுப்பட்ட பெயரினர் என்பது வேடிக்கைதான். 1896-இல் உலகப் பட்டம் வென்றவர். மதுக்கடையில் ஒரு குடிகாரன் 'நீ மெக்காயே இல்லை' என்று வம்புக்கிழுக்க, ஒரே குத்தில் வீழ்ந்து எழுந்து, 'இவரே அசல்' என்று ஒப்புக்கொண்டானாம். மற்றொருவர் பில் மெக்காய். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்தில் கடல் வழியே மது கடத்தியவர். நீர் கலவாத சரக்கு என்பதால் அவர் பெயரே முத்திரையாயிற்று என்பர்.

மூன்றாமவரே என் நெஞ்சைக் கவர்ந்தவர். எலைஜா மெக்காய் என்னும் கறுப்பினப் பொறியாளர். கென்டக்கி மாநிலத்தின் அடிமைத்தளையினின்று தப்பிக் கனடாவுக்கு ஓடிய பெற்றோருக்கு 1844-இல் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே இயந்திரப் பொறியியல் பயின்றார். மீண்டு வந்து மிச்சிகன் மாநிலத்தில் வேலை தேடியபோது, பொறியாளர் பதவி கறுப்பருக்கு இல்லை என்றாயிற்று. ரெயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் வேலையே கிட்டியது. எண்ணெய் இடும் பணியும் அவரைச் சார்ந்ததே. வண்டியை நிறுத்தி நிறுத்தி எண்ணெய் இட வேண்டியிருந்த அந்நாளில், எஞ்சினின் நீராவி அழுத்தத்தைக் கொண்டே சிலிண்டருக்குத் தானாக எண்ணெய் செல்லுமாறு ஒரு கிண்ணத்தை அமைத்தார். 1872 ஜூலையில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் அவ்வகைக் கருவிகள் முன்னரே உண்டெனினும், கரி அள்ளியபடியே இவர் கண்டது இவருடையதே. வாழ்நாளில் ஐம்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாயின. போலிக் கருவிகள் மலிந்தபோது, ரெயில்வேயார் 'இது அசல் மெக்காய்தானா?' என்று கேட்டு வாங்கினர். அதுவே தொடராயிற்று என்பது கதை.

இக்கதை மெய்யாக இருத்தல் வேண்டும் என்றே மனம் விழைகிறது. ஆயினும் மூலத்தோடு ஒப்பிடாமல் 'உண்மை நகல்' என்னும் முத்திரையைத் தொடலாகாது என்பது எழுத்தர் பணியில் முதலாவதாகக் கற்ற பாடம். மூலம் எங்கே எனத் தேடின், அது ஸ்காட்லாந்துக்கே இட்டுச் செல்கிறது. 1856-இல் அங்கே அச்சான ஒரு கவிதையில் 'ரியல் மக்கை' என்று நல்ல விஸ்கி குறிக்கப்படுகிறது. எடின்பரோ நகரின் மக்கை நிறுவனத்தார் 1870-இல் அதனையே தம் விஸ்கியின் விளம்பரத் தொடராக்கிக் கொண்டனர். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1883-இல் எழுதிய கடிதமொன்றிலும் 'மக்கை' வடிவமே காணப்படுகிறது. கடல் கடந்து குடியேறிய ஸ்காட்லாந்து மக்களோடு தொடரும் பயணம் செய்து 'மெக்காய்' எனத் திரிந்திருத்தல் வேண்டும். 1881-இல் கனடாவில் வெளிவந்த ஒரு புதினத்தில் இவ்வடிவம் இடம்பெற்றுவிட்டது. அப்போது குத்துச்சண்டை வீரருக்கு வயது ஒன்பது. பில் மெக்காயின் கடத்தலோ அதற்கு நாற்பதாண்டு பிற்பட்டது. எலைஜாவின் கிண்ணம் காலத்தால் இடம் பெறலாம். ஆனால் 1856-இல் அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். மூன்றாண்டு கழித்து எடின்பரோ சென்ற அவர், அத்தொடரை அந்நகரத் தெருவிலேயே காதால் கேட்டிருக்கவும் கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

எலைஜாவையும் இத்தொடரையும் இணைத்துப் பரப்பியவற்றுள் 1966-ஆம் ஆண்டு வந்த ஒரு விஸ்கி விளம்பரமும் உண்டு. நாட்டுக்கு அவர் விட்டுச் சென்றவற்றுள் புகழ் மிக்கது அவர் பெயரே என்ற கருத்தில் அது முடிந்தது. விஸ்கி விளம்பரத்தில் ஊரறிந்த தொடர், விஸ்கி விளம்பரத்திலேயே ஒரு பொறியாளருக்குச் சூட்டப்பட்டது! சூட்டியோர் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் அவ்விளம்பரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பொறியாளர் பதவி மறுக்கப்பட்டவர் தம் கைத்திறனால் பெற்ற காப்புரிமைகளைப் பின்தள்ளி, ஒரு சொற்றொடரை முன்னிறுத்துவது அவருக்கு நாம் செய்யும் மரியாதையன்று. அக்காப்புரிமைகளுக்கோ எண் உண்டு, நாள் உண்டு, வரைபடம் உண்டு.

எலைஜா 1929-இல் மறைந்தார். 2012-இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் டெட்ராயிட் நகரில் தன் வட்டாரக் கிளையைத் திறந்தபோது அதற்கு அவர் பெயரையே இட்டது.