ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெண்களின் எலும்புகள்: எலும்புப்புரை நவீன காலத்து நோயா?

லண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் வடிவமைத்து 1729இல் திறக்கப்பட்ட கிறைஸ்ட் சர்ச் தேவாலயம் உள்ளது. அதன் நிலவறைக் கல்லறை 1984க்கும் 1986க்கும் இடையில் அகழப்பட்டபோது ஏறத்தாழ ஆயிரம் பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவர்களில் 380க்கும் மேற்பட்டோரின் பெயரும் இறந்த நாளும் இறந்தபோதைய வயதும் சவப்பெட்டித் தகடுகளில் பொறிக்கப்பட்டிருந்தன. வயது உறுதியாகத் தெரிந்த பழைய எலும்புகள் இந்த எண்ணிக்கையில் கிடைப்பது மிக அரிது. எலும்புப்புரையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இந்த நிலவறைக்குள் ஒருமுறையாவது இறங்கி ஏறுவதற்கு அதுவே காரணம்.

1993 மார்ச்சில் பெலிண்டா லீஸ், தியா மாலிசன், திமோத்தி ஆர்னெட், ஜான் ஸ்டீவன்சன் ஆகிய நால்வரும் லான்செட் இதழில் ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டனர். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெண்கள் 87 பேரின் தொடை எலும்பு மேற்பகுதியை, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவியில் அளந்து, ஆய்வு நடந்த காலத்து லண்டனில் வாழ்ந்த 294 பெண்களின் அளவுகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வயதில் இன்றைய பெண்களிடம் காணப்படும் அடர்த்திக் குறைவு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பெண்களிடம் தெரியவில்லை; நின்ற பிறகான தேய்வும் அவர்களிடம் மெதுவாகவே நடந்திருக்கிறது என்பது அவர்களது முடிவு. உடலுழைப்பு குறைந்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என்றும் கருதினார்கள்.

இக்கட்டுரை வந்த நேரமும் அதற்குச் சாதகமாக அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் தொடை எலும்புக் கழுத்து முறிவு, வயது வாரியாகக் கணக்கிட்டாலும், கால் நூற்றாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் இரட்டித்துவிட்டது என்று போய்ஸும் வெஸ்ஸியும் 1985இல் காட்டியிருந்தனர். முதியோர் எண்ணிக்கை கூடியதை மட்டும் சொல்லி அந்த ஏற்றத்தை விளக்க முடியவில்லை. இரண்டு நூற்றாண்டுகளில் பெண்ணின் எலும்பே மாறிவிட்டது என்ற செய்தி அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தியது. ‘எலும்புப்புரை உட்கார்ந்தே வாழும் காலத்தின் நோய்’ என்ற கருத்துக்கு லான்செட் கட்டுரை அசையாச் சான்றாகிவிட்டது. நம் வீடுகளில் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் சுட்டிச் சொல்லப்படும் வாதமும் இதே வகைதான்.

அளவைகளை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு அந்நால்வர் தந்த பொருள் சான்று தாங்கும் எல்லையைத் தாண்டிப் போகிறது என்பதே என் வாதம். அவர்களது கட்டுரையில் எனக்கு மூன்று இடங்களில் உடன்பாடில்லை.

முதலாவது, ‘தேய்வு வேகம்’ என்ற கணக்கு. ஒரே பெண்ணை முப்பது வயதிலும் அறுபது வயதிலும் அளந்தால்தான் தேய்வின் வேகம் தெரியும். இரு தரப்பிலும் அப்படி யாரும் அளக்கப்படவில்லை. வெவ்வேறு வயதுப் பெண்களை வரிசையாக நிறுத்தி, அந்த வரிசையின் சரிவையே வேகமாகப் படித்திருக்கிறார்கள். 1990ஐ ஒட்டி லண்டனில் எண்பது வயதில் இருந்த ஒரு பெண் முதல் உலகப்போருக்கு முன் பிறந்தவர். இருபது வயதில் இருந்தவரோ 1970ஐ ஒட்டிப் பிறந்தவர். இளையவருக்கு இளமையிலேயே கூடுதல் எலும்பு சேர்ந்திருந்தால், ஒருவருக்கும் கூடுதலாகத் தேயாமலேயே இன்றைய வரிசையின் சரிவு செங்குத்தாகத் தெரியும்.

இரண்டாவதுதான் முக்கியமானது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் முப்பது வயதாக எண்ணப்பட்டவள் முப்பது வயதில் இறந்தவள். 1990இன் முப்பது வயதுக்காரியோ நலமாக நடந்து வந்து கருவியின் கீழ்ப் படுத்தவள். கல்லறையில் கிடைப்பவர்களை உயிரோடிருந்தவர்களின் மாதிரியாகக் கொள்ளலாகாது என்று ஜேம்ஸ் வுட்டும் அவரது சகாக்களும் லான்செட் கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 1992இல், விரிவாக எச்சரித்திருந்தார்கள். இளவயதில் காசநோய் போன்ற நெடுநோயில் நலிந்து இறந்தவளுக்கு எலும்பு அடர்த்தி முன்பே குறைந்திருக்கும். அக்காலத்தில் இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் இறந்த மணமான பெண்களில் பலர் கருவுற்றோ பாலூட்டிக்கொண்டோ இருந்திருக்கக் கூடியவர்கள். பாலூட்டும் ஆறு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி 3 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. இடுப்பிலும் ஓரளவு குறைகிறது. குழந்தை பால் மறந்தபின் அது மீண்டும் ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு முன்பே இறந்தவளின் எலும்பு, இறக்கத்தின் அடியிலேயே நின்றுவிடுகிறது. இப்படி வரிசையின் இளைய முனை தாழ்ந்துபோனால், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய தேய்வு ‘இல்லை’ என்றே வரைபடம் காட்டும். அந்நால்வர் கண்ட சமதளம் இதனால் உண்டானதாக இருக்கலாம்.

இந்த வாதத்தை முழுமையாக நிறுவ வழியில்லை. சவப்பெட்டித் தகட்டையே பாருங்கள். பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, வயது இருக்கிறது. எதனால் இறந்தாள் என்பதை அது சொல்வதில்லை. கைக்குழந்தை இருந்ததா என்பதையும் சொல்வதில்லை. மார்கரெட் காக்ஸ் இக்குடும்பங்களில் பலவற்றை ஆவணங்களில் தேடி, அவர்களது வாழ்வை மீட்டெழுதினார். ஆனாலும் 87 எலும்புகளையும் நெடுநோய், திடீர்ச்சாவு என்று பிரிக்க அது போதாது. அம்மை கண்டு பத்து நாளில் இறந்தவளின் எலும்பு குறைந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகுதியாக இருந்தால் என் வாதம் அந்த அளவுக்கு வலுவிழக்கும். ஆயினும் செத்தவர்களையும் வாழ்பவர்களையும் ஒரே கோட்டில் வைத்தவர்கள், இந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பையும் ஏற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது, உழைப்பு. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இடம். பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹியூகெனோ குடிகள் வளர்த்த தொழில் அது. ஆனால் தேவாலய நிலவறையில் இடம்பெறப் பணம் வேண்டும். அங்கு அடக்கமானவர்களில் தறி முதலாளிகளும் கடைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மிகுதி. அந்த எலும்புகளைப் பற்றி மாலிசனும் காக்ஸும் 1993இல் வெளியிட்ட பெருநூலின் துணைத்தலைப்பே அவர்களை நடுத்தரத்தினர் என்றுதான் குறிக்கிறது. இவர்கள் இன்றைய பெண்களைவிட அதிகம் நடந்திருப்பார்கள், படியேறியிருப்பார்கள், தண்ணீர் சுமந்திருப்பார்கள். அதை ஒப்புக்கொள்ளலாம். எலும்பின் தேய்வையே தடுத்து நிறுத்தும் கடும் உழைப்பு என்று அதைச் சொல்ல என்ன சான்று இருக்கிறது?

இந்த இடத்தில் அதே ஊரிலிருந்து, அதே காலத்திலிருந்து ஒரு சாட்சியை அழைக்கிறேன். எலும்புப்புரை வரலாறுகளில் ஒற்றை வரியில் கடந்துபோகப்படும் ஆஸ்ட்லி கூப்பர் அவர். தேம்ஸின் தென்கரையில் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். மூட்டு விலகல்களையும் முறிவுகளையும் பற்றிய அவரது நூலின் முதற்பதிப்பு 1822இல் வந்தது. பின்னாளைய எலும்புப்புரை நூல்கள் 1824 என்று குறிப்பது அடுத்து வந்த ஒரு பதிப்பை வைத்து இருக்கலாம். ஆண்டு எதுவானாலும், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நிலவறையில் சவப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மூட்டுறைக்குள் நிகழும் தொடை எலும்புக் கழுத்து முறிவு ஐம்பது வயதுக்குக் கீழே அரிது, பெண்களிடம் கூடுதல் என்று கூப்பர் எழுதுகிறார். முதுமையில் எலும்பின் ஓடு மெலிந்து உள்ளே பஞ்சுபோல் ஆவதையும் காரணமாகக் காட்டுகிறார்.

அவர் சொல்லும் விபத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். லண்டனில் இம்முறிவு பெரும்பாலும் உயர்த்திக் கட்டிய நடைபாதையின் விளிம்பிலிருந்து வண்டிப்பாதையில் கால் வழுக்குவதால் நேர்கிறதாம். சில அங்குல உயரம்தான். நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தால் எலும்புப்புரை முறிவு என்று இன்றைய மருத்துவர்கள் வகுக்கிறார்கள். கூப்பர் வருணிப்பது அதற்குள் அப்படியே அடங்குகிறது. 1941இல் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் இந்நோயை மாதவிடாய் நிறுத்தத்தோடு இணைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, வயது, பால், சிறு விபத்து, மெலிந்த எலும்பு ஆகிய நான்கும் ஒரே மருத்துவரின் கண்ணில் பட்டிருக்கின்றன. கூப்பரின் நோயாளிகளும் நிலவறைப் பெண்களும் வேறு வேறு வகுப்பினர் என்று மறுக்கலாம். அப்படியானால் ஏழைப்பெண் நடுத்தரத்தாளைவிடக் கடுமையாக உழைத்தவள். உழைப்பே கவசமென்றால் முறிவு அவளிடம் குறைவாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஆயிரம் பேருக்கு எத்தனை முறிவு என்று கூப்பரிடமிருந்து அறிய முடியாது. ஆகவே இந்நோய் இன்றைய அளவுக்கு அன்று பரவியிருந்தது என்று நான் சொல்லவில்லை. அது அன்றே இருந்தது, மருத்துவர் எதிர்பார்க்கும் அளவுக்கு இருந்தது என்பது மட்டும் உறுதி.

இனி யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி. கைவிடப்பட்ட இந்த இடைக்காலச் சிற்றூரை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 தொடங்கி நாற்பதாண்டு அகழ்ந்தனர். அங்குக் கிடைத்த 687 எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை உழவர் குடிகளுடையவை. உழைப்பைப் பற்றிய ஐயத்துக்கு அங்கே இடமில்லை. சைமன் மேஸ் 1996இல் அவர்களது உள்ளங்கை எலும்புகளை எக்ஸ்ரேயில் அளந்தார். மூத்த பெண்களிடம் எலும்பின் வெளி ஓடான புறணி எலும்பு இன்றைய பெண்களுக்கு நிகராகவே மெலிந்திருந்தது. 1998இல் தொடை எலும்பு அடர்த்தி பற்றிய அடுத்த கட்டுரை வந்தது. அங்கும் ஐம்பதைக் கடந்த பெண்களிடம் தேய்வு இன்றைய அளவை ஒத்திருந்தது. அக்கட்டுரையின் ஆசிரியர்கள் மேஸ், லீஸ், ஸ்டீவன்சன். லான்செட் கட்டுரையை எழுதிய நால்வரில் இருவர் ஐந்தாண்டுக்குப் பின் வேறு எலும்புகளை அளந்து எதிர்ப்பக்கம் சாயும் முடிவைத் தாமே வெளியிட்டிருக்கிறார்கள். அந்த நேர்மை பாராட்டுக்குரியது. 1993ஐ மேற்கோள் காட்டுவோரில் பலர் 1998ஐக் காட்டுவதில்லை.

வாரம் பெர்சியில் தகடுகள் இல்லை. பல்லின் தேய்மானத்தை வைத்தே வயது மதிப்பிடப்பட்டது. எலும்பைப் பார்த்து வயது சொல்லும் முறைகள் மூத்தவர்களை இளையவர்களாகக் காட்டும் என்பதை வெளிப்படுத்தியதே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்தான். எனவே வாரம் பெர்சியின் வயதுகளை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. ஆனால் இப்பிழை எந்தத் திசையில் இழுக்கும் என்று பார்க்க வேண்டும். இளையவரும் மூத்தவரும் தவறான குழுவில் கலந்தால் இரு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு மங்கும். மங்கிய பிறகும் வேறுபாடு தெரிகிறதென்றால் உண்மையில் அது இன்னும் பெரிதாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

2000இல் மேஸ் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸுக்கே திரும்பி வந்து, தகட்டு வயது தெரிந்த பெண்களின் உள்ளங்கை எலும்பை அளந்தார். மாதவிடாய் நின்ற வயதுக்குப் பிந்தைய தேய்வு அங்கும் தெளிவாகத் தெரிந்தது. இன்றைய ஐரோப்பியப் பெண்களின் தேய்விலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல இடமில்லை. அதே கல்லறை, அதே தகடுகள். அளந்த எலும்பு மட்டும் வேறு. உள்ளங்கை எலும்பில் புறணியே மிகுதி, தொடைக் கழுத்தில் உள்ளே வலைபோன்ற பஞ்செலும்பும் கலந்திருக்கிறது என்ற விளக்கம் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மண்ணிலும் ஈரத்திலும் கிடந்த எலும்பின் கனிமம் மாறக்கூடும், அது டெக்ஸா அளவைப் பாதிக்கும், புறணியின் தடிப்பை அளக்கும் எக்ஸ்ரே முறையை அவ்வளவாகப் பாதிக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பஞ்செலும்பைப் பொறுத்தவரை சிக்கல் தீரவில்லை. வாரம் பெர்சி முதுகெலும்புகளின் உள்வலையை ஆராய்ந்த சப்ரினா அகர்வாலும் குழுவினரும் 2004இல் தந்த முடிவு மேஸின் முடிவோடு எளிதில் இணங்கவில்லை. ஆண் பெண் இருபாலாரிடமும் நடுவயதிலேயே வலை சிதையத் தொடங்கியிருக்கிறது. அதன்பின் பெண்களிடம் மட்டும் எதிர்பார்க்கும் கூடுதல் சரிவைக் காணோம். பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இதில் பங்குபெற்றிருக்கலாம் என்கிறார்கள். இது என் வாதத்துக்கு முழுதும் உதவாத சான்று. அதை ஒதுக்கிவைக்க நான் விரும்பவில்லை.

அண்மைய ஆய்வுகள் வேறொரு பக்கத்தைத் திறந்திருக்கின்றன. ஹபீபா சிர்சிர் குழுவும், திமோத்தி ரயன், கொலின் ஷா ஆகியோரும் 2015இல் தனித்தனியே காட்டியபடி, மனிதனின் பஞ்செலும்பு மெலிந்தது அண்மைய சில ஆயிரம் ஆண்டுகளில்தான். வேட்டையாடி உணவு சேகரித்தவர்களைவிட வேளாண் குடிகளின் இடுப்பு மூட்டு எலும்பு மெலிந்தது. அலிசன் மெக்கின்டாஷ் குழு 2017இல் அளந்தபோது, நடு ஐரோப்பியப் புதிய கற்காலப் பெண்களின் மேற்கை எலும்பு இன்றைய படகுப்போட்டி வீராங்கனைகளுடையதைவிட 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்தது. உழைப்பு எலும்பைக் கட்டுகிறது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் இவை சொல்வது எலும்பு எவ்வளவு சேர்ந்தது, எந்த வடிவில் சேர்ந்தது என்பதை. மாதவிடாய் நின்றபின் அது எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பது தனிக் கேள்வி. 1993 கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

இரண்டாம் கேள்விக்கு விடை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நோக்கிப் போகிறது. அமெரிக்காவின் பெண்கள் நல ஆய்வில் 16,608 பெண்கள் பங்கேற்ற ஹார்மோன் சோதனை 2002இல் முடிவு தந்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களிடம் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மார்பகப் புற்று, பக்கவாதம் ஆகியவை கூடியதால் சோதனை இடையில் நிறுத்தப்பட்டது வேறு கதை. உடற்பயிற்சியும் பயனற்றதன்று. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், கண்காணிப்போடு எட்டு மாதம் வாரம் இருமுறை கனமான எடை தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. இலேசான பயிற்சி செய்தவர்களிடம் 1.2 சதவீதம் குறைந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் அன்றாட வீட்டு வேலை இந்த அளவுச் சுமையை எலும்புக்குத் தந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மாதவிடாய் நின்றபின் நேரும் எலும்புத் தேய்வு நவீன காலத்து நோயன்று; குறைந்தது இடைக்கால இங்கிலாந்திலிருந்து அதைப் பின்தொடர முடிகிறது. அதன் விளைவான முறிவுகள் இருபதாம் நூற்றாண்டில் பெருகியது உண்மை. அதற்குக் காரணம் தேடும்போது நீண்ட ஆயுளையும் விழுதலையும் இளமையில் எலும்பு சேர்ந்த அளவையும் முதலில் பார்க்க வேண்டும். உன் பாட்டி உழைத்தாள், நீ உழைக்கவில்லை, ஆகையால் முறிந்தது என்று ஐம்பது வயதுப் பெண்ணிடம் சொல்ல ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் எலும்புகள் எவருக்கும் உரிமை தரவில்லை. 1993 கட்டுரையை இனி எடுத்தாள்பவர்கள், அதன் ஆசிரியர்களில் இருவர் பங்கேற்ற 1998 கட்டுரையையும் அதே பக்கத்தில் சேர்த்துக் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.